ஆல்வென் வீட்டுக் கன அடிகள்

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கைவண்டியில் பழைய அடுப்புகளை ஏற்றி விற்க ஆரம்பித்து, நாற்பது வயதுக்குள் மூன்று கடை போட்டவன். எங்கள் ட்ரெமோர்கன் பள்ளத்தாக்கில் எந்த வீட்டுச் சமையலறையில் என்ன அடுப்பு இருக்கிறது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். பாதி நான் விற்றது. மீதிப் பாதியை வாங்கியவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது என் பெருமையைப் பேச அல்ல. ஆல்வென் ட்ரெஹார்னைப் பற்றி எழுத. அவள் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. சவ அடக்கத்தின்போது தேவாலயத்தில் பாதிரியார் நாலு வரி சொன்னார், அந்த நாலில் இரண்டு தப்பு. அதனால் நான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள், கடைசி இருபது வருஷம் தலைமைச் சமையல்காரியாக. நாள் தவறாமல் நானூறு தட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் எம்ரிஸும் அப்படித்தான். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்குகிற உலையில் ஆயுசைக் கழித்தவன் அவன். உலை மூடிய பிறகு நெஞ்சு மட்டும் மிச்சம், அதுவும் பாதிதான் வேலை செய்தது. அவனால் மாடி ஏற முடியாமல் போனதும் கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். ஜன்னல் ஓரமாகப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் மலை முழுக்கத் தெரியும், மேய்கிற ஆடுகள் தெரியும், யார் யார் மதுக்கடைக்குள் நுழைகிறார்கள் என்பதும் தெரியும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நான் அங்கே இருப்பேன். கதவைத் தள்ளினால் இரும்புக் கல்லில் சுடுகிற திராட்சைக் கேக் மணம். முன்னறையில் கேஸ் கணப்பு உஸ்ஸென்று சன்னமாக எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தம் இப்போது எந்த வீட்டிலும் இல்லை. எல்லாம் சுவரோடு ஒட்டிய ரேடியேட்டர், சத்தமே போடாது. அந்த உஸ்ஸுக்குள் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் ரேடியோவில் ரக்பி கேட்ட சனிக்கிழமைகள் எத்தனை!

மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி. கேஸ் மீட்டர் அதற்குள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது எல்லா வீட்டு மீட்டரிலும் காசு போடுகிற துளை இருந்தது. காசு தீர்ந்தால் வெந்துகொண்டிருக்கிற உருளைக்கிழங்கு பாதியில் நிற்கும். அந்தப் பயம் ஆல்வெனை விடவேயில்லை. துளை போய் பில் வந்த பிறகும், ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்து வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறப்பாள். மீட்டர் எண்ணைப் பென்சிலால் உள்சுவரில் எழுதுவாள். முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிய எண்கள். ஒரு ஞாயிறு தவறியதில்லை.

அறுபத்தெட்டு வயதில் நான் கணினி வாங்கினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேஸ் விலையையும் மின்சார விலையையும் ஒப்பிட்டுக் காட்டுகிற இணையதளங்கள் அப்போது தொலைக்காட்சியைத் திறந்தால் விளம்பரத்தில் கத்திக்கொண்டிருந்தன. நான் ஒன்றில் நுழைந்து என் வீட்டுக் கணக்கை விலை குறைந்த வேறு கம்பெனிக்கு மாற்றினேன், வருஷத்துக்கு நூற்றுப் பத்துப் பவுண்டு மிச்சம். விடுவேனா? கிளப்பில் சொன்னேன். பில்லைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பதினோரு வீட்டை மாற்றிக் கொடுத்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மடிக்கணினியோடு ஆல்வென் வீட்டுக்குப் போனேன்.

"முதலாளி வந்துட்டாரு. கால்ல சேறு, தொடச்சிட்டு உள்ள வாங்க" என்றாள்.

"கேஸுக்கு மாசம் எவ்வளவு கட்டுற ஆல்வென்?"

"எண்பத்தெட்டு. ஏன், நீ கட்டப் போறியா?"

முன்னறையிலிருந்து எம்ரிஸின் குரல் வந்தது. "கட்டச் சொல்லு தங்கச்சி! இந்தக் கணப்ப நம்ம தலையில கட்டி அவன் அடிச்ச லாபத்துக்கு, பத்து வருஷம் கட்டலாம்!"

"அண்ணே, மூச்ச வீணாக்காத" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வருஷத்துக்கு எத்தனை யூனிட் எரிக்கிறீங்கன்னு கேக்குது" என்றேன். "தெரியலைன்னா எத்தனை படுக்கையறை, எத்தனை பேருன்னு சொன்னாப் போதும். அதுவே ஒரு குத்துமதிப்பு போட்டுக்கும்."

"குத்துமதிப்பு எதுக்கு? செவுத்துல இருக்கே."

போய்ப் பார்த்தேன். போன செப்டம்பர் எண்ணை இந்தச் செப்டம்பர் எண்ணிலிருந்து கழித்தேன், அறுநூற்று ஐம்பது. மீட்டர் எண்ணைப் பதினொன்றால் பெருக்கினால் யூனிட் வரும் என்பது எனக்கு மனப்பாடம். பதினோரு வீட்டுக்குப் பெருக்கியவன் ஆயிற்றே. காகிதம் வேண்டாம், மனக்கணக்கு: ஏழாயிரத்து நூற்றைம்பது. அடித்தேன். நீ இப்போது கட்ட வேண்டியதே வருஷத்துக்கு நானூற்று முப்பத்தொன்பது பவுண்டுதான் என்று திரை சொன்னது.

"பாத்தியா! கம்பெனிக்காரன் உங்கிட்ட ரெண்டு மடங்குக்கு மேல புடுங்கியிருக்கான்!"

"இவ்வளவு வருஷமாவா?"

"இவ்வளவு வருஷமா!"

அவள் திரையைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். "எங்கயோ இடிக்குது ஹேடன்."

"ஒண்ணும் இடிக்காது. பட்டியல்ல முதல்ல நிக்கிறவனப் பாரு. தினக் கட்டணம்னு ஒண்ணே கெடையாது. எரிச்சதுக்கு மட்டும் காசு. மாசம் முப்பத்து மூணு."

"முப்பத்து மூணா?" எம்ரிஸ் கத்தினான். "அப்ப ராத்திரி முழுக்க எரியட்டும். நான் ராஜா மாதிரி செத்துப் போறேன்."

"நீ செத்தா எனக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே ஆல்வென் பொத்தானை அழுத்தினாள். என் பேச்சை நம்பித்தான் அழுத்தினாள். அதை நான் மறைக்கப் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்குப் போனவன் ஜனவரி நடுவில்தான் திரும்பினேன். வழக்கம்போலச் சனிக்கிழமை கதவைத் தள்ளினேன். கேக் மணம் இல்லை. கணப்பின் சத்தம் இல்லை. எம்ரிஸ் கட்டிலில் ஓவர்கோட்டோடு படுத்திருந்தான், தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தில் சிவப்பு ரக்பி துண்டு.

"வா ஹேடன். பேச்சு வரமாட்டேங்குது, புகைதான் வருது பாரு" என்று வாயால் ஊதிக் காட்டினான். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்க வெகு நேரம் ஆயிற்று.

ஆல்வென் சமையலறையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிதத்தை என் முன்னால் தள்ளினாள். புது வருஷத்துக்கு அவள் அனுப்பிய மீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டு புதுக் கம்பெனி எழுதியது. நீங்கள் சொன்னதைப் போல மூன்று மடங்கு எரிக்கிறீர்கள். முந்நூற்று அறுபத்து மூன்று பவுண்டு பாக்கி. இனி மாதம் நூற்று இருபத்தெட்டு.

"நூத்தி இருபத்தெட்டு கட்டணும்னா சாப்பாட்ட நிறுத்தணும்" என்றாள். "அதனால காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நர்ஸ் வந்து செவுத்துல வெப்பமானி மாட்டிட்டுப் போயிருக்கா. வர்ற வெள்ளிக்கெழம வர்றப்ப அறை பதினெட்டு டிகிரில இல்லேன்னா அண்ணனக் கீழ்ப்பக்கம் இருக்கிற முதியோர் விடுதிக்கு எழுதிடுவாளாம். ரெண்டு பஸ் மாறிப் போகணும்."

"அங்க ஜன்னல்ல கார் நிறுத்துற எடம்தான் தெரியுமாம்" என்றான் எம்ரிஸ், அங்கிருந்தே. விளையாட்டாகச் சொல்லவில்லை.

நான் எழுந்துவிட்டேன். "திருட்டுக் கம்பெனி! குடு போனை. யாருகிட்ட வெளையாடுறானுங்க?"

"போன வை. ஒக்காரு."

"எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?"

"பதினோரு வீட்ட மாத்தினவன் நீ. தப்பு எங்க பக்கம்தான் இருக்கும்னு நெனச்சேன். மூணு நாளாத் தேடினேன். இன்னிக்குக் காலைல கெடச்சுது. வா."

டார்ச்சைக் கையில் கொடுத்து, என்னை அலமாரி முன்னால் முட்டி போட வைத்தாள். அந்த முட்டிக்கு அப்போதே வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"மீட்டர் மூஞ்சியப் படி. எண்ண இல்ல. அதுக்குக் கீழ, சின்னதா."

தூசியைத் துடைத்துப் படித்தேன். கன அடி என்று இருந்தது.

எங்கள் வரிசையில் மற்ற எல்லா வீட்டிலும் பல வருஷங்களுக்கு முன்பே கன மீட்டரில் அளக்கிற புது மீட்டர் வந்துவிட்டது. மாற்ற ஆட்கள் வந்த வாரம் எம்ரிஸ் ஆஸ்பத்திரியில் இருந்தான், ஆல்வென் அவனோடு இருந்தாள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. புது மீட்டருக்குத்தான் பதினொன்று. இந்தப் பழைய மீட்டரில் ஓர் எண் ஓடினால் நூறு கன அடி. அதற்கு முப்பத்தொன்றுக்கு மேல் பெருக்க வேண்டும். அடுப்பு விற்றே மூன்று கடை கட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தேன், மீட்டரைப் பார்க்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல பவுண்டு, அவுன்ஸெல்லாம் போயி கிலோ வந்த வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றாள் ஆல்வென். "அத்தனை சமையல் அட்டையையும் நான்தான் மாத்தி எழுதினேன். மொதல் நாள் ஒருத்தி பழைய அட்டையப் பாத்துப் புதுத் தராசுல உப்பு போட்டா. நானூறு புள்ளைங்களும் தட்டத் தள்ளி வச்சிட்டுப் போச்சுங்க. தராசு என்ன பண்ணும், பாவம்? உன் கணினியும் அப்படித்தான். நீ சொன்னதத்தான் அது திருப்பிச் சொல்லுச்சு."

என் ஆயுளில் தப்பு என் மேல் என்று வாய்விட்டுச் சொன்னது மூன்று முறை. அன்று இரண்டாவது முறை.

பாக்கி முழுவதையும் நானே கட்டுகிறேன் என்று காசோலைப் புத்தகத்தை எடுத்தேன். அவள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். "பழைய கம்பெனியிலயே இருந்திருந்தா இந்த நாலு மாசத்துக்கு எவ்வளவு ஆயிருக்குமோ, அதுக்கு மேல நாப்பத்து நாலு பவுண்டு. அது உன் பெருக்கல். அத நீ கட்டு. மிச்சம் நாங்க எரிச்சது, அத நான் கட்டுவேன்." அதற்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. எப்படிக் கட்டினாள் என்று நானும் கேட்கவில்லை.

மறுபடி கணினியைத் திறந்தோம். இந்த முறை இருபதாயிரத்து அறுநூறு யூனிட். தினக் கட்டணம் இல்லாத அந்தக் கம்பெனி பட்டியலில் எங்கேயோ அடியில் போய்விட்டது. கொஞ்சமாக எரிக்கிறவனுக்குத்தான் அது லாபம். நாள் முழுக்கக் கணப்பு எரிகிற வீட்டுக்கு அதன் யூனிட் விலை கழுத்தை அறுத்துவிடும். இப்போது மேலே வந்தவன் பழைய கம்பெனியைவிடப் பெரிய லாபம் ஒன்றும் தரவில்லை.

"இதென்ன, ஓரத்துல எறும்பு மாதிரி?" என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள் ஆல்வென்.

அங்கே ஒரு சிறிய கட்டம். எங்கள் வழியாக மாற முடியாத கம்பெனிகளையும் காட்டு என்று இருந்தது. பதினோரு வீட்டுக்கு நான் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொட்டதும் பட்டியல் இரண்டு மடங்கு நீண்டது. அந்தத் தளத்துக்குத் தரகு கொடுக்காத ஒரு சின்னக் கம்பெனி முதலில் வந்து நின்றது. மாதம் எழுபத்தேழு.

"கடைக்காரன் எதக் கண்ணாடிக்கு முன்னால வைப்பான், எத உள்ளுக்குள்ள வைப்பான்னு உனக்கா சொல்லணும்?" என்றாள். எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். லாபம் அதிகமான அடுப்பைத்தான் நானும் ஜன்னலில் வைப்பேன்.

இப்போதும் என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்தத் தளங்களைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்கள் மீட்டரை நீங்களே படியுங்கள், ஒரு வருஷத்து எண்ணை வைத்துக்கொண்டு போங்கள், எல்லாக் கம்பெனியையும் காட்டச் சொல்லுங்கள். பெரிதாக மிச்சம் என்று திரை சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள். மறுநாளே டார்ச்சோடு பதினோரு வீட்டுக்கும் போனேன். எல்லாம் கன மீட்டர். அன்றைக்கு வந்த தூக்கம் பல வருஷமாக வந்ததில்லை.

அன்று கணக்கு முடிந்ததும் ஆல்வென் அந்தச் சின்னக் கம்பெனிக்குத் தானே போன் போட்டாள். போனை வைத்தவள் நேராக முன்னறைக்குப் போய்க் கணப்பைப் பற்ற வைத்தாள். அந்த உஸ் கேட்டதும் எம்ரிஸ் குல்லாயைக் கழற்றினான். வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்தபோது வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. அவள் காகிதத்தில் எதையோ அடித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனாள்.

அந்தக் குளிர்காலமும் அதற்கடுத்த இரண்டும் எம்ரிஸ் அந்த ஜன்னல் ஓரத்திலேயே இருந்தான். அவன் போய் நாலு வருஷம் கழித்து ஆல்வென் போனாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நினைத்துக்கொண்டால் ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமைதான் முதலில் வருகிறது. வெளியே நல்ல வெயில். எம்ரிஸ் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுப் படுத்திருந்தான், முகம் சிவந்திருந்தது.

"தங்கச்சி! என்னைய என்ன ரொட்டின்னு நெனச்சியா? வேகுறேன். ஜன்னலத் தெற!"

ஆல்வென் வந்து ஜன்னலை நாலு விரற்கடை திறந்தாள். கணப்பை அணைப்பாள் என்று பார்த்தேன். அணைக்கவில்லை. என் கண் முன்னாலேயே கேஸ் காசு ஜன்னல் வழியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் கணக்குப் போடாமல் இன்னொரு கேக்கை எடுத்துக்கொண்டேன்.