நெல்லுக்கு அடியில் ஒரு முகம்

பங்குனி வெயில். பிற்பகல் ஒன்றரைக்கு மாத்தளையில் பஸ் ஏறினேன். பலாபத்வலயில் ஏ9 வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பி, பல்லேபொல வழியாகக் கலேவெலவுக்குப் போகும் பஸ். பலா, மிளகுக்கொடி, மறுபடி பலா. நடுவே கம்பத்துக்குக் கம்பம் ஒரே முகம், ஒரே சிரிப்பு. மறுநாள் கலேவெலயில் அந்தக் கட்சித் தலைவரின் கூட்டம். பஸ் வானொலியிலும் அவரே பேசினார். கொஞ்ச தூரம் போனதும் நான் மரங்களை மறந்து, அடுத்த கம்பத்தில் அவரைத் தேட ஆரம்பித்துவிட்டேன். தலைவர் படத்தை அவமதித்தால் சிறை என்ற நாடுகள் உண்டு. அங்கும் தொடக்கத்தில் அது வெறும் சுவரொட்டியாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றரைக்குக் கலேவெல. நான் போகவேண்டிய நண்பர் வீடு இன்னும் உள்ளே. செல்வம் என்பவரின் ஆட்டோவில் ஏறினேன். வயல் வழியில் சட்டென்று பிரேக் பிடித்தார். பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. முந்தானையைத் தலையில் போட்ட ஒரு பெண் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நெல்லின் ஓரத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு காது.

"யார் காது அக்கா இது?" செல்வம் இறங்கினார்.

"தலைவர்ட. பெனர் காத்துக்கு அறுந்து எங்கட வயல்ல விழுந்திச்சு. சிரிப்ப மட்டும் நல்லா மூடிட்டேன். இல்லாட்டி கால் வைக்கக் கூசுது."

மேற்கே வானம் கறுத்திருந்தது. இந்தப் போகத்து நெல் முழுவதும் அதுதான், நனைந்தால் முளைத்துவிடும் என்றார் அந்தப் பெண், ரஹீமா. சாக்குகள் எடுத்துவரப் போன கணவர் இன்னும் திரும்பவில்லை.

அப்போதுதான் ஒரு லொறி வந்தது. தலைவரின் கட்சிக்கு வேலை செய்யும் ரிஸ்வான், அதே ஊர்க்காரர், குதித்து இறங்கினார்.

"ரஹீமா ராத்தா! தலைவர்ட முகத்த மிதிக்கிறீங்களே! மேடைக்குப் பின்னால கட்ட பெனர் காணாது. டீவீக்காரங்க வாறாங்க. நெல்லக் கொட்டிட்டுத் தாங்க."

"எங்க கொட்ட, ரோட்டுலயா? முகத்தக் கீழ போட்டா மண்ணு தின்ன வெச்சேன்னு செல்லுவீங்க. மேல போட்டா மிதிக்கிறேன்னு செல்றீங்க. எப்படிப் போடன்னு நீங்களே செல்லுங்க ரிஸ்வான்."

முதல் துளி விழுந்தது.

"பேசிக்கிட்டே நில்லுங்க, நெல்லு முளைச்சிரும்!" செல்வம் ஒரு மூலையைப் பிடித்தார். நான் ஒன்று, ரஹீமா ஒன்று. நான்காவது மூலை காதுப் பக்கம். ரிஸ்வான் லொறியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு காதைப் பிடித்துத் தூக்கினார். நான்கு பக்கமும் மடித்து, மேலே கல் வைத்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

ரிஸ்வானின் போன் அடித்தது. நனைந்தபடியே பேசினார்: "இந்தப் பக்கம் ஒன்னுமில்ல சேர். எல்லாம் காத்துக்குக் கிழிஞ்சிட்டு." வைத்ததும் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஆரும் போட்டோ எடுத்துப் போட்டுராதீங்க. என்ட கத முடிஞ்சிரும்."

"எடுக்க இங்க என்ன தெரியுது?" என்றார் ரஹீமா.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பெனரின் வெள்ளைப் பின்பக்கத்தில் மழை வழிந்தது. உள்ளே நெல் நனையாமல் கிடந்தது.