சர்க்கரை போட்ட ட்ரம்பெட்

உத்திரமேரூர் தாலுகாவில் ஜாஸ் ரெக்கார்டு வைத்திருப்பவர்கள், எனக்குத் தெரிந்து, இரண்டே பேர். உரக்கடை வைத்திருக்கும் நான் ஒருவன். மாகறலில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் நண்பன் இன்னொருவன். மூன்றாவது ஆள் யாராவது இருந்தால் தாராளமாக வரலாம். இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று மட்டும் கேட்காதீர்கள். சிலருக்குச் சீட்டாட்டம், எங்களுக்கு இது.

எதைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் விலையை ஏற்றிவிடுவார்கள். பியானோவும் ட்ரம்ஸும் பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த அண்ணன் தம்பி மாதிரி மல்லுக்கு நிற்கும் ரெக்கார்டு ஒன்று இருக்கிறது, அது கட்டாயம் வேண்டும். ட்ரம்பெட்காரர் நடுவில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும் இன்னொன்று, அதுவும் வேண்டும். ஒரு படையே திரண்டு ஊதுகிற ரெக்கார்டு வேண்டவே வேண்டாம். அதற்கு நம்மூர்க் கல்யாண பேண்டு செட் போதும், சோறும் கிடைக்கும்.

என்னிடம் இருந்த அந்த ட்ரம்பெட் ரெக்கார்டைத்தான் நண்பன் கேட்டு வாங்கிப் போனான். ஒழுங்காகத் திருப்பியும் அனுப்பினான். உறையிலிருந்து உருவினேன். பொலபொலவென்று மடியில் சர்க்கரை கொட்டியது. பின்னாலேயே எறும்புகள் வந்தன.

எனக்கு வந்த கோபத்தில் போனை எடுத்துக் கத்தினேன்.

“ட்ரம்பெட்ல சக்கரை போட்டு அனுப்பிக்கிறியே, டீ போடறதுக்கா?”

“எங்க வூட்டுக்காரம்மா பொட்டலம் கட்டித்தாண்ணா சொருகுச்சி. பஸ்ல நசுங்கிப் பிரிஞ்சிருக்கும். வெறுமையா எப்டிண்ணா திருப்பி அனுப்பறது?”

“வெறுமையா? உள்ளதான் ரெக்கார்டு இருந்துச்சே!”

“அது உன்னுதாச்சே. அத்த கணக்குல சேத்துக்க முடியுமா?”

ஒரு வீட்டிலிருந்து குழம்புக் கிண்ணம் வந்தால் காலியாகத் திருப்பக் கூடாது, கைப்பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுத்தான் தரவேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் உலகப் புகழ்பெற்ற ட்ரம்பெட்காரரைக் குழம்புக் கிண்ணமாக நினைத்த வீடு அது ஒன்றுதான் இருக்கும். நியாயம் கேட்க மனைவியிடம் திரும்பினேன். “அந்தப் பொண்ணு பண்ணது சரிதானே? மொறை தெரிஞ்ச பொண்ணு” என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. “உன் வூட்ல ரெக்கார்டு வச்சிக்க லாயக்கே இல்ல” என்று போனில் சொல்லிவிட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ரெக்கார்டைத் துடைத்துப் போட்டதில் பாட்டு அப்படியேதான் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் ருசி போய்விட்டது. ஜாஸில் எதிர்பாராத திருப்பம் ஒன்று வரும்போது பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கவேண்டும். பார்த்தேன், காலண்டர்தான் தொங்கியது. அவனை நினைத்தால் ஏக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. வலியப் போய்ப் பேச மட்டும் கௌரவம் விடவில்லை.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்பப் போட்டது ஒரே ரெக்கார்டு. தனியாக ஒரு சாக்ஸபோன், அவசரமே இல்லாமல், யாரிடமோ மன்னிப்புக் கேட்க வாசலில் தயங்கி நிற்பவன் மாதிரி ஊதும். அதை யாருக்கும் கொடுத்ததில்லை. நண்பன் பலமுறை கேட்டும், “இங்கயே வந்து கேட்டுக்கோ” என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். பிளேயர் பக்கத்தில் அது இல்லை.

“நேத்து மாகறல் பொண்ணு துணி எடுக்க இங்க வந்திருந்திச்சி” என்றாள் மனைவி. எங்கள் இரண்டு பேருக்குள்தான் சண்டை, பெண்கள் அதைச் சட்டை செய்யவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “ஒரு பை நெறைய வேர்க்கடலை குடுத்துச்சி. பையை வெறுமையா திருப்பித் தரமுடியுமா? மளிகை வேற வாங்கல. உங்க பாட்டு அட்டை ஒண்ணு மேலாப்லயே இருந்திச்சி, அத்த எடுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.”

சோறு இறங்கவில்லை. கேட்டு வாங்கலாம் என்றால் அவனோடு பேசவேண்டும். போதாக்குறைக்கு வேர்க்கடலை நன்றாக வேறு இருந்தது.

கை கழுவும்போது போன் அடித்தது. அவன்தான்.

“ண்ணா, இப்பத்தான் பையைப் பிரிச்சேன். நான் கோச்சிகினு பேசாம கீறேன், நீ இத்தப் போயி அனுப்பிக்கிறியே. இத்த குடுக்க உனக்கு மனசே வராதுன்னு நெனச்சிகினு இருந்தேண்ணா.”

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி வேர்க்கடலையை உடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டியா, எப்டி கீது?” என்றேன்.

“இல்லண்ணா, இன்னும் போடல. ஒண்டியா கேக்கப் புடிக்கல. நீ வா, அப்பறம் போடலாம்.”

கடைக்குத் திரும்பியபோது மாகறல் பக்கம் போகிற லோடு வண்டியில் யூரியா ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டது. மாகறல் வருவதற்குள், அதை அனுப்பியது நான்தான் என்று எனக்கே உறுதியாகிவிட்டது.