சீராகப் போன மூன்று மயில்

1

அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தவன் நான்தான். அறுபதுகளில் பகலில் ஃபோர்ட்டில் சரக்கு அடையாளங்களைப் பதிவு செய்துதரும் ஒரு டிரேட் மார்க் வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மாலையில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாட்டுங்காவில் வணிகப் பாடம் நடத்தினேன்.

எதிரே குர்லாவிலிருந்து வந்த முறுக்குக் கடைக்காரர். மேஜையில் அவருடைய லேபிள்: ஒரு தட்டைச் சுற்றி மூன்று மயில்கள். அதைத் தன் பேரில் பதிவு செய்யத்தான் விண்ணப்பம். எப்போதிலிருந்து உபயோகம் என்ற இடத்தில் என் விரல்கள் நின்றன.

"எங்க மாமனார் காலத்துல இருந்துன்னு அடிங்க சார்."

அந்த மயில்களை எனக்குத் தெரியும். தாராவியில் முறுக்கு போடும் இசக்கிமுத்து என் மாணவர். வெள்ளிக்கிழமைதோறும் வகுப்புக்கு அதே லேபிள் ஒட்டிய பொட்டலம் கொண்டுவருவார். கடைக்காரர் சொன்ன மாமனார், இசக்கிமுத்துவின் அப்பா.

தயங்கியதைப் பார்த்து வக்கீல் சொன்னார்: "கட்சிக்காரர் சொல்றதை அடியும் ஓய். ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்."

அடித்தேன்.

2

மறுநாள் வகுப்பில், சரக்கின் பெயரும் அடையாளமும் சொத்துதான் என்றேன். இசக்கிமுத்து சிரித்தார்.

"வீட்டுக்குக் கதவு உண்டு, பூட்டலாம். பேர எங்கன பூட்ட? என் தங்கச்சி கல்யாணத்துல நக கொறஞ்சு போச்சு சார். லேபிள் அடிக்கிற அச்சு பிளாக்குல இன்னொண்ணு செஞ்சு சீர்ல வச்சிட்டேன். மாப்ள குர்லால போடட்டும், நான் தாராவில போடுதேன்."

"அண்ணாச்சி, அடுத்த தங்கச்சிக்கு அடுப்பத் தூக்கிக் குடுப்பியளோ?" என்றது பின்பெஞ்ச். வகுப்பே சிரித்தது.

சொன்னால் கட்சிக்காரரின் ரகசியம் போகும், என் வேலை போகும். சொல்லாவிட்டால் இவருடைய பெயர் போகும். மாதங்கள் ஓடின. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு, இன்று சொல்வேன், இன்று சொல்வேன் என்று முணுமுணுத்தபடி வருவேன். "வணக்கம் சார்" என்று அவர் எழுந்து நின்றதும் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன்.

3

விண்ணப்பம் டிரேட் மார்க் ஜர்னலில் வெளியானது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லட்டும் என்று அரசாங்கமே அச்சிட்டு ஊருக்குக் காட்டுவது அது. இனி ரகசியமில்லை. மூன்று மாதக் கெடு. அன்று மாலையே வகுப்புக்கு எடுத்துப்போய், "இன்றைக்குப் பாடம் இதுதான்" என்று கைமாற்றிக் கொடுத்தேன்.

இசக்கிமுத்துவின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"சார், இது நம்ம மயில்லா?"

பக்கத்திலிருந்தவர் கீழே இருந்த குர்லா மாப்பிள்ளையின் பெயரை வாசித்தார். இசக்கிமுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமோ?"

"தெரியும்."

"அத்தன மாசமும் என் முறுக்கத் தின்னியளே சார்."

கெடு முடியும் தேதியைக் கரும்பலகையில் எழுதினேன்.

4

ஆட்சேபம் போடச் சொன்னேன். "தங்கச்சி வாழ்க்க சார், வேண்டாம்" என்றே நாட்களைத் தள்ளினார். கெடு முடியும் வாரத்தில் அந்தத் தங்கையே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணன் எனக்கு லேபிள் அடிச்சுக்கிடத்தான் தந்தான். இவுக பேருல எழுதிக்கிடவா தந்தான்? எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

வேறொரு வக்கீல் மூலம் இசக்கிமுத்துவின் ஆட்சேபம் போனது. அதன் நகல் எங்கள் ஆபீசுக்கு வந்த அன்று வக்கீல் கூப்பிட்டார்.

"ஜர்னலை வகுப்பில வாசிச்சீராமே?"

"ஆமா சார்."

"வாசிக்கறது குத்தமில்லை. ஆனா இனிமே எந்தக் கட்சிக்காரன் ஓய் உம்ம முன்னாடி வாயைத் திறப்பான்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

மனைவியே சாட்சி என்றதும் குர்லாக்காரர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினார். பிறகு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டார்கள்: அடையாளம் அண்ணனுடையது, தங்கை வீட்டார் உபயோகிக்கலாம், எண்ணெயும் மாவும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும். ஆண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். தங்கை மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"மொதல்ல முழுசா வாசிச்சுக் காட்டுங்க."

வியாபாரம் தொடங்கப்போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெயரைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்பதில்லை. தாராளமாகக் கொடுங்கள். எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்பதைக் கொடுக்கிற அன்றைக்கே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வருஷம் வகுப்பில் நானும் இதையே நடத்தினேன். ஆனால் தந்தது எது, தராதது எது என்று முதலில் பிரித்துச் சொன்னது என் வகுப்பில் ஒருநாளும் உட்காராத அந்தப் பெண்.