ஸலவாத்தால் அடைத்த வாய்

தலைவரே, நேற்று மீனவர் சங்கக் கூட்டத்தில் ஒரு விதவையின் வாயை அடைக்க நீங்கள் ஸலவாத்தைக் கிளப்பினீர்கள். உங்கள் படகில் போய் இறந்த கணவனைப் பற்றி அவள் கேட்கத் தொடங்கியதுமே, "எல்லாரும் சத்தமா ஸலவாத்துச் சொல்லுங்க!" என்றீர்கள். நபியின் பேரில் வாழ்த்துச் சொல்லும் ஸலவாத்து எழுந்தால் நம்மில் யார் சொல்லாமல் இருப்பார்?

அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் சாய்ந்தமருதுக் கடற்கரையில், மீனவர் கொட்டகையான வாடியில் இதையே கேட்டிருக்கிறேன். கருவாட்டு வாடைக்குள் வாப்பாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி நின்றேன். சாச்சாவின் மையித்தை அடக்கிய கிழமை அது. வாப்பா படகு முதலாளியிடம் கேட்டார்: "காத்து வருகுதெண்டு தெரிஞ்சும் என்ட தம்பிய ஏன் கடலுக்கு அனுப்பின நீங்க?"

"காக்காக்கு மண்டை பிசகிட்டு. ஸலவாத்துச் சொல்லுங்கடா!" என்று முதலாளியின் ஆள் ஒருவன் வாப்பாவைக் காட்டிக் கத்தினான்.

கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆட்கள் நெருங்கி வந்தார்கள். வாப்பாவைக் கொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால், அவருடைய உதடுகளும் அழுதுகொண்டே ஸலவாத்துச் சொல்லின. அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

நேற்று அவளும் அப்படியே ஸலவாத்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் பிள்ளை பயந்து மடியில் முகத்தைப் புதைத்தது.

உங்கள் ஆட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பயம்தான். ஆனாலும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊர் கூடும்போது, சங்க முன்றலில் ஒலிவாங்கியை அவள் கையில் கொடுங்கள். அவள் கேட்டு முடிக்கட்டும். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி நீங்கள் பதில் சொல்லுங்கள்.