பரிமளா பறித்த பதினொரு மொட்டுகள்

கீரமங்கலத்தில் முல்லை பறிப்பதில் பரிமளாவை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. வாயால் என்னோடு சண்டை போட்டுக்கொண்டே கையால் கூடையை நிரப்பிவிடுவாள். விரிந்த பூவைச் சந்தையில் சீந்துவாரில்லை, மொட்டாகவே பறிக்க வேண்டும். முப்பது வருடமாக அந்தக் கைக்கு அதுதான் வேலை.

பிடிவாதத்திலும் அவளை மிஞ்ச முடியாது. மகள் அருணா ஊட்டியில் வேலை பார்த்த இடத்தில் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று இரண்டு வருடம் பேசவேயில்லை. பாவி மனுஷி, எப்படித்தான் இருந்தாளோ!

கார்த்திகையில் அருணா எனக்கு ஒரு தொட்டிச் செடி அனுப்பினாள். ஷாஸ்டா டெய்சி, குட்டை ரகம், ஒரு சாணுக்கு மேல் வளராது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.

"அத்தை, அம்மாகிட்ட குடுத்துருங்க. போகியன்னைக்கு வாரேன். செடி பூத்திருந்தா எம்மேல கோவம் இல்லைன்னு வீட்டுக்குள்ள வருவேன். இல்லாட்டி அப்படியே திரும்பிருவேன்" என்றாள் போனில்.

சொன்னேன். பரிமளா செடியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். மணல் கலந்து வாசலோரம் நட்டாள். வெயில் படாமல் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினாள். மார்கழிக் கடைசியில் பதினொரு மொட்டு வந்தது.

போகிக்கு முதல் நாள் விடியற்காலை. செடியருகே குனிந்தபடி என்னிடம் கேட்டாள்: "நாளைக்கு வந்துருவாள்ல, திலகவதி? மெலிஞ்சிருப்பாளோ? அங்கிட்டு குளிரு வேற."

பேச்சு மகள்மேல் இருந்தது. கை தன் வேலையைச் செய்துவிட்டது. பார்த்தால், பதினொரு மொட்டும் அவள் மடியில் கிடந்தன.

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்கை வெளங்குமா! வாசலோட போயிருவாளே எம்புள்ள!"

அவள் அழ, எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அருணா வந்தாள். செடியில் வெறும் இலை. பையைக் கீழே வைக்காமல் நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் பரிமளா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கையில் வாழைநாரில் தொடுத்த சரம். பச்சை மொட்டுகளின் நுனியில் கொஞ்சம் வெள்ளை.

"வேணும்னு பறிக்கலடி. ஒன்னையப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன். கை பறிச்சிருச்சு."

அருணாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பையைப் போட்டுவிட்டு, திரும்பி நின்று பின்னலைக் காட்டினாள்.

"வச்சு விடும்மா."

முப்பது வருடமாக மொட்டுப் பறித்த அந்தக் கை, பதினொன்றையும் மகள் பின்னலில் வைத்துவிட்டது.