ஊர் பிழைத்தது, புத்தகம் பிழையானது

வளைகுடாவில், ருவைஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். ஆலையின் குழாய்கள் எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிகின்றன என்று கணினியில் வரைவது என் வேலை. வெல்டிங் சோதனை ஆலோசகராக ஒரு ஜெர்மானியர் வந்து சேர்ந்தபோது அவருக்கு என் பக்கத்து மேசையைக் கொடுத்தார்கள். அறுபதைக் கடந்தவர். நல்ல உயரம். வெயிலில் சைட்டுக்குப் போய் வந்தால் முகம் செம்பருத்தி மாதிரி சிவந்துவிடும். அதிகம் பேசமாட்டார்.

மதியம் எல்லோரும் மெஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகும் அவர் கணினி முன் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருப்பார். ஆலை வேலை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் ஒரு டிராயிங்கில் கையெழுத்து வாங்கப் போனபோது திரையில் பழைய கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது.

"யார் சார் இவங்க?"

"ரொட்டிக் கடைக்காரரின் மகளும் கொல்லரின் மகனும். இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஏன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்."

அப்படித்தான் அவர் ஒரு வரலாற்றாசிரியர் என்பது எனக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகத்து ஆள் இல்லை. மேற்கு ஜெர்மனியில் இரண்டு சின்ன ஆறுகளுக்கு நடுவே இருந்த சில கிராமங்கள்தான் அவருடைய பாடம். உலகப்போர்கூட அந்தத் தெருக்களுக்கு வந்த அளவுக்குத்தான் அவர் எழுத்தில் வரும். வாரநாளில் வெல்டிங் சோதனை. சனி, ஞாயிறு என்றால் தேவாலயப் பதிவேடுகள், கல்லறைகள், வயதானவர்களின் சமையலறைகள். அப்படியே நான்கு புத்தகங்கள் போட்டிருந்தார். அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் அவற்றை வாங்கியதில்லை என்று அவரே சொன்னார்.

"நாட்டின் வரலாற்றை எழுதப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு நான் ஒருவன்தான்."

அவர் இளைஞராக இருந்தபோது அந்தப் பகுதியின் அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரிக்காக ஊர்களை ஒவ்வொன்றாகக் காலி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இயந்திரம் ஓர் ஊரை எட்டுவதற்குள் இவர் அங்கே போய் வீடு வீடாக எழுதி முடித்துவிடுவார். கடைசியில் முறை அவருடைய ஊருக்கே வந்தது. எல்லோரும் தள்ளி அமைத்த புதுக் குடியிருப்புக்குப் போனார்கள். இவரும் மனைவியும் போனார்கள். புது வீட்டில் மனைவி இறந்துபோனார். பழைய வீட்டை இடிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றுதான் வளைகுடா வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐந்தாவது புத்தகம் அவர் ஊரைப் பற்றியது. அந்த ஊர் இனி இல்லை என்று முடியும் கடைசி அத்தியாயத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார்.

"எங்க ஊரும் அப்படித்தான் போச்சு சார்," என்றேன், பேச்சுவாக்கில். "கடலூர் மாவட்டம். அங்கேயும் பழுப்பு நிலக்கரி."

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. எத்தனை தெரு, கோயில் எந்தப் பக்கம், குளத்துக்குப் பக்கத்தில் யார் வீடு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் பிறந்ததே ஊர் போனபிறகு கொடுத்த மாற்று மனையில்தான். தெரியாது, தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல் வந்தது.

"அப்பாவிடம் கேட்டதில்லையா?"

"கேட்கத் தோணலை சார்."

அந்த வார விடுமுறையன்று சாயங்காலம் அவர் என் ரூமுக்கு வந்துவிட்டார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். வெள்ளைக்காரர் முகத்தைப் பார்த்ததும் அப்பா அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அப்பா கேட்ட முதல் கேள்வி, "அவுரு ஊரை எந்த மிஷினு தோண்டுது?"

நான் மொழிபெயர்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் பெரிய வட்டம் போட்டு, அதன் விளிம்பில் வாளிகள் மண்ணை அள்ளுவது மாதிரி காட்டினார்.

"அதேதான்," என்றார் அப்பா. "அது அவங்க நாட்டு மிஷினு. நம்ம ஊரு இருந்த பக்கம் அது தோண்டுறப்ப எனக்கு மண்ணு போற பெல்ட்டுல ட்யூட்டி."

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். எங்கள் ஊரையே அவர் நின்று தோண்டியது தெரியாது. "எங்கிட்ட சொன்னதே இல்லையேப்பா," என்றேன்.

"நீ கேக்கலியே."

அப்போது எப்படி இருந்தது என்று கேட்கச் சொன்னார் ஜெர்மானியர்.

"மண்ணு வந்துச்சு, பெல்ட்டு ஓடுச்சு. ஒரு தடவ உரலு ஒண்ணு வந்துச்சு. பெல்ட்டு கிழிஞ்சிடும்னு நிறுத்திட்டு எடுத்து ஓரமாப் போட்டோம். யாரு வூட்டு உரல்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியல."

அதை மொழிபெயர்க்க எனக்கு நேரம் பிடித்தது. உரல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால் மட்டும் இல்லை. கேட்டுவிட்டு ஜெர்மானியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல ஊருன்னு எழுதிடப் போறாரு," என்றார் அப்பா. "மழ பேஞ்சா முழங்கால் சேறு. பிரசவம்னா மாட்டு வண்டி. பாதி பொம்பளைங்க வழியிலயே போயிடுவாங்க. இங்க வந்ததாலதான் நீ பள்ளிக்கூடத்தப் பார்த்த."

இதைச் சொன்னதும் ஜெர்மானியர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய ஊரிலும் எல்லோரும் பழசைச் சர்க்கரையாகத்தான் சொல்வார்களாம். அப்பா மாதிரி ஒரு ஆளுக்காக அவர் பல சமையலறைகள் ஏறி இறங்கியிருக்கிறாராம்.

அதன்பிறகு விடுமுறை தோறும் பேச்சு நடந்தது. ஒருநாள் அப்பா தன் தம்பியையும் கூட்டிவந்து உட்கார வைத்தார். நான் அவர்கள் சொல்லச் சொல்ல ஊரை வரையத் தொடங்கினேன். பிள்ளையார் கோயில் கிணறு வடக்கே என்றார் அப்பா. தெற்கே என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டார்கள். எனக்கோ ஆலையில் ஒரு வால்வு இடம் மாறினாலும் வேலை போய்விடும். எது சரி என்று தெரியாமல் கை ஓடவில்லை.

"இரண்டு படம் வரையுங்கள்," என்றார் ஜெர்மானியர். "அவர் ஊர் ஒன்று, இவர் ஊர் ஒன்று. நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்."

ஒரு காலையில் அவர் தாமதமாக வந்தார். அவர் நாட்டில் நிலக்கரி எடுப்பதை முன்கூட்டியே நிறுத்த முடிவு செய்துவிட்டார்களாம். சுரங்கத்தின் எல்லையைச் சுருக்கிவிட்டார்கள். அவர் ஊரை இனி இடிக்கப் போவதில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து கையை நீட்டினேன். அவர் பார்த்தார், கை கொடுக்கவில்லை.

"வீட்டை விற்றாயிற்று. கல்லறைகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டோம். என் மனைவி இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். நான்தான் எல்லா ஊரின் கதையும் தெரிந்தவன். இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை என்று சொல்லி அவளைக் கையெழுத்துப் போட வைத்தேன்."

அன்று மதியம் அவர் எங்களோடு மெஸ்ஸுக்கு வந்தார். மறுநாளும் வந்தார். சோறும் கோழியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். அந்தப் புத்தகத்தை அவர் திறக்கவே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். "போனைப் போட்டுக் குடு, நான் பேசுறேன்," என்றார். பேசும்போது ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்கும் குரலில், "இப்ப அவுரு வூட்ல யாரு இருக்காங்க?" என்றுதான் கேட்டார்.

காலி வீடுகளில், போருக்குத் தப்பி வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பங்களைக் குடிவைத்திருப்பதாக ஜெர்மானியர் செய்தியில் படித்தாராம். தன் வீட்டில் யார் என்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த ஊரில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று பல தலைமுறைக்குச் சொல்லக்கூடியவர்.

கான்ட்ராக்டை நீட்டிக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். அபுதாபிக்குப் போகும் வேனில் ஏறும்போது, "உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்," என்றார்.

சொன்னபடியே கூப்பிட்டார். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண். இவர் எழுதும் அறையில் அவள் துணி காயப்போட்டிருந்தாளாம். பழைய சொந்தக்காரர் என்றதும் வீட்டைத் திருப்பிக் கேட்க வந்திருக்கிறார் என்று பயந்துவிட்டாள். போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத்தான் பேசியிருக்கிறார்கள். இந்தத் தெருவில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று எழுதுவதுதான் என் வேலை, உங்களையும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனபோது உள்ளே கூப்பிட்டு, சமையலறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று புகார் சொல்லியிருக்கிறாள்.

"அது என் அம்மா காலத்திலிருந்தே இருக்கிற ஈரம் என்றேன். அதற்கு நீங்கள் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று திட்டினாள்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

இப்போது கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு அந்தத் தெருவை மறுபடி வீடு வீடாக எழுதிக்கொண்டிருக்கிறார். வந்தவர்களையெல்லாம் நம் ஊர்ப் புத்தகத்தில் சேர்ப்பதா என்று பழைய அண்டை வீட்டார் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். அதையும் எழுதுவேன் என்கிறார். மனைவியைப் பற்றிய பக்கம் மட்டும் இன்னும் வரவில்லை என்று ஒருமுறை சொன்னார்.

போன லீவில் இரண்டு படங்களையும் பிரிண்ட் எடுத்து ஊருக்குக் கொண்டுபோனேன். தரையில் விரித்ததும் அப்பாவும் சித்தப்பாவும் குனிந்து பார்த்தார்கள். கிணற்றைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பா பேனாவை வாங்கி இரண்டு படத்திலும் விட்டுப்போன ஒரு வண்டிப் பாதையைப் போட்டார். அப்பா தலையாட்டினார்.

"அடுத்த தடவ பெரிய பேப்பரா கொண்டா," என்றார். "மாட்டுக் கொட்டாய்க்கு எடமே விடலியே நீ."