பாத்துரலாம்

வாரத்தில் ஆறு நாள் என் வேலையே பார்ப்பதுதான். பொம்மிடியில் ஒரு சின்ன லேபில் இருபது வருஷமாக ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் சந்தேகப்பட்டு ஃபோன் பண்ணினால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இன்னொரு தடவ பாத்துரலாங்க சார்." பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் ஃபோனில் போக்கர் ஆடுவேன். முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஒரு பைசா கிடையாது. ஆப்பில் தருகிற சிப்ஸ் எல்லாம் வெறும் எண்கள். எங்கள் குழுவில் ஓசூரிலிருந்து ஈரோடு வரை அறுபது எழுபது பேர் இருக்கிறோம். ஞாயிறுக்கு நாலு டோர்னமென்ட், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வரைக்கும் சேர்த்த புள்ளியில் முதல் ஒன்பது பேர், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கடைசி மேசையில் உட்காருவார்கள். இதற்கு முந்தைய லீகில் நான் பத்தாவது. ஒரே ஓர் இடத்தில் தவறியது. அது எவ்வளவு எரிச்சல் என்று பத்தாவதாக வந்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தத் தடவை அந்த மேசையில் உட்கார்ந்தே தீருவது என்று இருந்தேன்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு அன்று நான் பட்டியலில் நாலாவது இடம். அன்றைக்குத்தான் எல்லாம் கவிழ்ந்தது.

முதல் ஆட்டத்தில் கைக்கு இரண்டு ஆஸ் வந்தது. இதைவிட நல்ல கை கிடையாது. ஆனால் மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த அஞ்சு சீட்டில் நாலு ஆட்டின், அதான் சிவப்பு இதயம், விழுந்துவிட்டது. என்னிடம் ஒரு ஆட்டின்கூட இல்லை. எதிரில் இருந்த ஓசூர்க்காரர் மொத்த சிப்ஸையும் தள்ளினார். ஒரே ஒரு ஆட்டின் அவர் கையில் இருந்தால் அஞ்சும் ஒரே இனமாகி என் ஜோடியை அடித்துவிடும், நான் காலி. திரையில் இரண்டு பட்டன். சிவப்பை அழுத்தினால் சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். பச்சையை அழுத்தினால் அவர் கட்டியதையே நானும் கட்டி, அவர் சீட்டைப் பார்க்கலாம். பச்சையை அழுத்தினேன். இருந்தது அவரிடம் ஆட்டின்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒருவர் பொய்யாக மிரட்டுவதைப் பிடித்துவிட்டேன். கையில் ஒன்றுமே இல்லாமல் தள்ளியிருந்தார். அடுப்படியிலிருந்தே கத்தினேன், "புடிச்சிட்டேன்!" அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. அதற்கப்புறம் எல்லோரும் பொய்யர்களாகவே தெரிந்தார்கள். பத்து நிமிஷத்தில் இன்னொருவரை கையில் வெறும் இரண்டு ஏழை வைத்துக்கொண்டு பார்க்கப் போய் வெளியே வந்தேன். மூன்றாவது ஆட்டம் கோபத்தில் போயிற்று, அதைப் பற்றிப் பேசக் கூசுகிறது. நாலாவதில் மறுபடியும் ஓசூர்க்காரர், மறுபடியும் பச்சை. சாயங்கால ரயில் கூவிக்கொண்டு போகும்போது நான் பட்டியலில் பதினாலாவது.

என் வீட்டுக்காரர் சித்தேரி மலைக்குப் பஸ் ஓட்டுபவர். அன்று அவருக்கு ஓய்வு நாள். கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, வூடே அமைதியா கெடக்குது? தோத்துட்டியா?"

"நாலும் போச்சுங்க."

"அதான பாத்தேன். சோறு குழையும்போதே நெனச்சேன்."

அழுகை முட்டியது. அவரிடம் காட்டவில்லை. தினசரி காலண்டரில் கிழித்துச் சேர்த்து வைத்திருந்த தாள்களில் நாலை எடுத்து, பின்பக்கத்தில் ஆட்டத்துக்கு ஒரு தாளாக எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது லேப் ரிப்போர்ட் எழுதுவதுதான், அப்படியே எழுதினேன். வந்த சீட்டு, மேசையில் இருந்தது, எதிராளி செய்தது, நான் நினைத்தது. கடைசி வரியில் பொய் எழுதக் கூடாது என்று மனதில் பட்டதை அப்படியே போட்டேன். நாலு தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. நாலிலும் கடைசி வரி ஒரே வார்த்தை: பாத்துரலாம்.

ஜெயிப்பேன் என்று நான் பச்சையை அழுத்தவில்லை. முதல் ஆட்டத்தில் தோற்பேன் என்று தெரிந்தேதான் அழுத்தினேன். அந்த ஆளிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் என்னால் விலக முடியவில்லை, அவ்வளவுதான். லேபில் எனக்குச் சோறு போடுகிற குணமே இங்கே என்னைக் குப்புறத் தள்ளியிருக்கிறது.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்தோம். தவக்காலத்தில் ஆளுக்கொரு ஒறுத்தல் எடுப்போம். பிடித்த எதையாவது ஈஸ்டர் வரை விட்டுவிடுவது. அவர் வழக்கம்போல கறியை விட்டார்.

"நீ என்ன விடற?"

"பாத்துரலாம்னு சொல்றத."

விளங்கும்படி சொன்னதும் நடுரோட்டில் நின்று சிரித்தார். "ஏம்மா, நாப்பது நாள் கணக்குல ஞாயித்துக்கெழம சேராதே! நீ ஆடறதே ஞாயித்துக்கெழமதான்."

அது உண்மைதான். ஞாயிறைக் கழித்துத்தான் நாற்பது. அந்தச் சலுகையில்தான் அவர் வாராவாரம் ஞாயிறு மதியம் ஆட்டுக்கறி சாப்பிடுகிறார். "அந்தச் சலுகைய நீங்களே வெச்சிக்கங்க. எனக்கு ஞாயிறும் சேத்தி," என்றேன்.

முதல் இரண்டு ஞாயிறு விரல் பச்சைப் பக்கமே போயிற்று. சீட்டைப் போட்டுவிட்டு விலகியதும் எதிராளியின் சீட்டு காட்டாமலே மறைந்துவிடும். எறும்பு கடித்த இடத்தைச் சொறியாமல் இருப்பது மாதிரி இருக்கும். மூன்றாவது ஞாயிறிலிருந்து பழகிவிட்டது. நல்ல கை வந்தால் நானே முதலில் தள்ளுவேன், சந்தேகம் தீர்க்க மட்டும் பச்சையைத் தொட மாட்டேன். பதினாலு பதினொன்றாயிற்று, பதினொன்று பத்தாயிற்று. குருத்து ஞாயிறு கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நான் அங்கேயேதான் நின்றேன், அதே பாழாய்ப்போன பத்து. அந்த ஆட்டத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் ஒன்பதாவது இடம் எனக்கு.

நாலு பேர் மிச்சம் இருக்கும்போது கையில் இரண்டு ராஜா வந்தது. மேசையில் ஒரு ஆஸ் விழுந்தது. ஓசூர்க்காரர் எல்லாவற்றையும் தள்ளினார். அவரிடம் இன்னொரு ஆஸ் இருந்து என் ராஜா ஜோடியை அடிக்கப்போகிறாரா, மிரட்டுகிறாரா? மிரட்டக் கூடிய ஆள்தான். வீட்டுக்காரர் குருத்தோலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தவர் அதைப் போட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாரேன்! சும்மா மெரட்டறான், பாரு!"

சிவப்பை அழுத்தினேன். அடுத்த கையிலேயே மற்ற இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் மோதி, ஒருவர் வெளியேறினார். நான் முதல் மூன்றுக்குள். பட்டியலில் ஒன்பதாவது. எழுந்து நின்று கையைத் தட்டினேன், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

அரை மணியில் ஓசூர்க்காரரிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, அந்தக் கையில நீங்க என்ன வெச்சிருந்தீங்க? சொன்னீங்கன்னா என்னுது என்னன்னு நானும் சொல்றேன்."

"சொல்லு, சொல்லு," என்று இவர் குதித்தார். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாமல் தினமும் மலையில் வண்டி ஓட்டுகிற மனுஷன்! "வேண்டாம் தம்பி" என்று எழுதி அனுப்பினேன். ஈஸ்டர் அன்று விரதம் முடிந்தது, அன்றும் அந்தத் தம்பி கேட்டார். புதன்கிழமை இன்னொரு தடவை கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வியாதி எனக்குத் தெரிந்த வியாதி. காலண்டர் தாளில் நாலு தடவை நானே ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.

கடைசி மேசையில் அவர் எனக்கு நேர் எதிரே. ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தேன். கையில் இரண்டு பத்து வந்தது, மேசையில் மூன்றாவது பத்து விழுந்தது, லேசில் தோற்காத கை. என்னிடம் இருந்த மொத்தத்தையும் தள்ளினேன். அவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. விலகியிருக்க வேண்டும், அது அவருக்கும் தெரிந்திருக்கும். திரையின் ஓரத்தில் அவர் எழுதியது வந்தது.

"பாத்துரலாம் அக்கா."

"பாருங்க தம்பி," என்று எழுதினேன்.